மதிய விசில் பற்றி நான் கொடுத்த புகாரை நானே திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்:
வீட்டு எண் 17-இல் குடியிருப்பவர்,
ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், குடிநீர் வழங்கல் அலுவலகம்,
மூன்றாம் சந்து, நகரக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு குடியிருப்பு அலுவலர் அவர்கள்,
வீட்டு ஒதுக்கீட்டுப் பிரிவு.

பொருள்: வீட்டு எண் 22 மீது நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல், அதன் பேரில் அவ்வீட்டாரைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை ரத்து செய்ய வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: (1) எனது புகார் மனு, நாள் ஏப்ரல் 8.
(2) தங்கள் அறிவிப்பு, நாள் ஏப்ரல் 29.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை (1)-இல் காணும் புகாரை எழுதியவன் நான். அதைத் திரும்பக் கேட்டு எழுதுபவனும் நானே. தங்கள் அலுவலகத்துக்கு இருபது ஆண்டுகளாக மனு எழுதி வருகிறேன். தெருவிளக்கு, சாக்கடை மூடி, மேல்நிலைத் தொட்டி, குப்பை வண்டி வரும் நேரம் என்று எங்கள் சந்து சார்ந்த கோப்புகளில் பாதி என் கையெழுத்தில்தான் இருக்கும். இங்கே என்னை ‘மனு சார்’ என்றே கூப்பிடுகிறார்கள். கொடுத்த மனு எதையும் இதுவரை நான் திரும்பக் கேட்டதில்லை. அதற்கு என்ன முன்மாதிரி என்பதும் எனக்குத் தெரியாது. நடையில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. வீட்டு எண் 22 என் வீட்டுக்கு நேர் எதிரே உள்ளது. அங்கே ஒரு தையற்கார அம்மாவும் அவர் கணவரும் இருக்கிறார்கள். கணவர் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. எங்கள் சந்தில் எல்லா வீட்டுக்கும் சிமெண்ட் ஷீட் கூரைதான் என்பது தாங்கள் அறிந்ததே. கோடையில் பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே மனிதர் இருக்க முடியாது. ஆகவே அந்த அம்மா தம் வாசலிலிருந்து மின்கம்பம் வரை பச்சை வலை கட்டி, அதன் நிழலில் கணவருக்குக் கட்டிலும் தமக்குத் தையல் இயந்திரமும் போட்டுக்கொண்டார்.

3. பேச முடியாத கணவர் மனைவியைக் கூப்பிட, வேலையில் இருந்தபோது வைத்திருந்த விசிலைப் பயன்படுத்தினார். வாயின் இடது ஓரத்தில் வைத்து ஊதுவார். ஒரு விசில் என்றால் தண்ணீர். இரண்டு விசில் என்றால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நீளமாக ஒன்று ஊதினால் ஒன்றும் வேண்டாம், மனைவி பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பது மட்டுமே. இந்த மூன்றாவதுதான் அடிக்கடி வரும். அந்த அம்மா, “இங்கதான் இருக்கேன், எங்க போயிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே தைப்பார். இவை அனைத்தும் புகார் எழுதும் முன்பே எனக்குத் தெரியும். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று தங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

4. எனக்கு மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை தூங்கும் வழக்கம் உண்டு. விசில் சத்தத்தில் அது கெட்டது. உள்ளபடியே என் குறை இவ்வளவுதான். ஆனால் “எனக்குத் தூக்கம் வரவில்லை” என்று ஒரு மனு எழுதினால் எந்த அலுவலகம் மதிக்கும்? முப்பது வருடம் எழுத்தராக இருந்தவன், மனுவுக்குக் கனம் சேர்க்க வேண்டும் என்ற பழக்கம் விடவில்லை. ஆகவே நான்கு காரணங்கள் எழுதினேன். அவற்றின் உண்மை நிலை பின்வருமாறு.

(அ) பச்சை வலையால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது என்று எழுதினேன். எங்கள் சந்துக்குள் எந்த வண்டியும் நுழைய முடியாது. முகப்பில் நடுவாக ஒரு கற்கம்பம் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் என் மனுவின் பேரில் தங்கள் அலுவலகம் நட்டது.

(ஆ) பொதுமக்கள் நடமாட்டத்துக்கு இடையூறு என்று எழுதினேன். பொதுமக்கள் அந்த நிழலில் நின்றுதான் தண்ணீர் வரும் வரை காத்திருந்தார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

(இ) விசில் ஊதிப் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கிறார் என்று எழுதினேன். பொது அமைதி என்று நான் குறிப்பிட்டது என் கட்டிலை.

(ஈ) குடியிருப்பு வீட்டில் தொழில் நடத்தப்படுகிறது என்று கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். மூன்று காரணம் மெலிவாகத் தெரிந்ததால் எழுதிய வரி அது. காலால் மிதிக்கும் ஒரே ஓர் இயந்திரம், ஐயா. இதை எழுதும்போது நான் போட்டிருக்கும் சட்டையின் காலர் கிழிந்தபோது, பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

5. தங்கள் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். முதல் மூன்றையும் விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். தொழில் நடத்துவது ஒதுக்கீட்டு நிபந்தனைக்கு மாறானது என்பதால் வீட்டு எண் 22-இன் ஒதுக்கீட்டை ரத்து செய்வதாகவும், மே 31-க்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டுமென்றும் அறிவிப்பு வந்தது. விசில் நிற்க வேண்டும் என்று நான் கேட்டேன். வீடே போக வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட்டீர்கள். தங்களைக் குறை சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் தாங்கள் படித்தீர்கள்.

6. இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. ஆயினும் கோப்பில் இருக்க வேண்டிய செய்தி.

ஐந்து வீட்டார் கையெழுத்து இல்லாமல் தங்கள் அலுவலகம் பொதுப் புகாரை ஏற்பதில்லை. வழக்கமாக மாலையில் மனுவைச் செருகிய அட்டையோடு ஒரு சுற்று வருவேன். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. “மனு சார் கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அன்று நான்குதான் கிடைத்தது. விடுமுறைக்குப் பலர் ஊருக்குப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போது எதிர்வீட்டு அம்மா இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், தாமாகவே எழுந்து வந்தார். “லைட்டுக்கா சார்?” என்று கேட்டார். “பொதுவான விஷயம்தாம்மா” என்றேன். விரலைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “வீட்டு நம்பர் எழுதணுமா சார்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எழுதியிருந்தால் தங்கள் அலுவலகத்தில் யாராவது கவனித்திருப்பார்கள்.

தங்களிடம் உள்ள புகாரில் ஐந்தாவதாக இருக்கும் கையெழுத்து அதுதான். அவர் மீதான புகாரில் அவரே கையெழுத்திட்டிருக்கிறார். அவசரத்தில் நடந்தது என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். எனக்கு அன்று ஓர் அவசரமும் இல்லை.

7. அறிவிப்பு வந்ததும் அந்த அம்மா வலையை அவிழ்த்தார். கட்டிலையும் இயந்திரத்தையும் உள்ளே தள்ளினார். கணவரிடமிருந்து விசிலை வாங்கி இயந்திரத்தின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். இவற்றை எடுத்துவிட்டால் அலுவலகம் சமாதானமாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். அறிவிப்பின் தமிழ் அவருக்கு எட்டவில்லை. அந்த மாதிரித் தமிழை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வது வழக்கம். இந்த முறை நான் வாசலுக்கே வரவில்லை.

8. மே 11 அன்று அந்த அம்மா தைத்த துணியைக் கொடுத்துவிட்டு நூல் வாங்கி வரப் போயிருக்கிறார். உள்ளே வெக்கை தாங்காமல் கணவர் எழ முயன்று கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். இடது கையை ஊன்றி வாசற்படி வரை நகர்ந்து வந்திருக்கிறார். பாதி உடம்பு வெளியே, கொதிக்கிற சிமெண்ட் தரையில். கூப்பிட வழியில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் மூன்றரை மணிக்கு வந்து பார்த்துத் தூக்கியிருக்கிறார். கன்னத்திலும் முழங்கையிலும் தோல் கொப்புளித்துவிட்டது. அப்போதும் கணவர் கதவு நிலையை இடது கையால் தட்டிக்கொண்டே இருந்தாராம்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, ஐயா. எங்கோ ஆணி அடிக்கிறார்கள் என்று அரைத்தூக்கத்தில் நினைத்தேன். மதிய நேரத்தில் ஆணி அடிப்பதற்கு எதிராக ஒரு மனு போட வேண்டும் என்றும் நினைத்தேன். பிறகு புரண்டு படுத்துவிட்டேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

9. மே 13 அன்று தங்கள் நினைவூட்டல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் வாய்விட்டு விளக்கிச் சொன்ன பிறகே, வீட்டையே காலி செய்ய வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது. இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். ஆபீசுக்கு நான் ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். “நீங்க எழுதினா கேப்பாங்க சார். இந்த மனுசரைத் தூக்கிக்கிட்டு நான் எந்த வீடுன்னு தேடுவேன்? எழுதிப் போட்டவன் எவன்னு மட்டும் தெரிஞ்சா, அவன் வாசல்ல நின்னு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுருவேன்” என்றார். என் வாசலில் நின்றுதான் இதைச் சொன்னார். நான் பேனாவைத் தேடுவது போல் மேசையில் குனிந்துகொண்டேன். எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

என் மனைவி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டார். புகார் எழுதிய அன்றே அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னார், நான் கேட்கவில்லை. அந்த அம்மா போன பிறகு, “நீங்க எழுதுனத நீங்களே போய் அழிங்க” என்றார். அதற்குப் பிறகு இன்று வரை என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்துவிடுகிறது.

10. ஆகவே தங்களைப் பணிந்து வேண்டிக்கொள்வது:

என் ஏப்ரல் 8 புகார் முழுவதையும் ரத்தானதாகக் கருத வேண்டும். அதில் உள்ள ஐந்தாவது கையெழுத்து, விஷயத்தைச் சொல்லாமல் என்னால் வாங்கப்பட்டது என்பதைக் கோப்பில் பதிய வேண்டும். வீட்டு எண் 22-க்கான காலி செய்யும் அறிவிப்பை மே 31-க்கு முன் திரும்பப் பெற வேண்டும். மழை வரும் வரையாவது வலை கட்டிக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். அனுமதி எழுத்தில் இல்லாவிட்டால் என்னைப் போல் இன்னொருவன் வருவான்.

பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டென்றால் அது என் மீது இருக்கட்டும். வீட்டில் தொழில் நடத்துவது தவறு என்ற விதியில் தாங்கள் நிற்க வேண்டியிருந்தால், என் முன்னறையில் மேசை நாற்காலி போட்டு முப்பது வீட்டுக்கு மனு எழுதுவதும் அதில் வருமா என்று பார்க்க வேண்டுகிறேன். வந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே நடவடிக்கை எடுக்கலாம்.

இம்மனுவில் ஐந்து கையெழுத்து இல்லை. அட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுப் படியிலும் ஏற எனக்கு இப்போது தைரியம் இல்லை. அந்தக் காரணத்துக்காகத் தள்ளிவிட வேண்டாம்.

11. தபாலில் சேர்ப்பதற்கு முன் நேற்று மாலை இதை எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா தேவையில்லை என்று சொல்லிக் கண்ணாடியை எடுத்து வந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆறாவது பத்தியை இரண்டு தடவை படித்தார். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டிருந்தேன். கணவர் கன்னத்தில் மருந்துத் துணியோடு படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது பத்தி வரும்போது அந்த அம்மா படிப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நாலு கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கையிலிருந்த பேனாவை வாங்கி, கடைசித் தாளின் அடியில் தாமே எழுதினார். அதில் ஓர் எழுத்தையும் நான் திருத்தவில்லை. இந்தப் பத்தியை மட்டும் அதற்கு மேலிருந்த இடத்தில் இன்று சேர்த்தேன்.

தங்கள் உத்தரவு மே 31-க்குள் வந்து சேர வேண்டும் என்பது ஒன்றே என் வேண்டுகோள்.

நாள்: மே 16
இடம்: மூன்றாம் சந்து

இங்ஙனம்,
தவறிழைத்த மனுதாரர்,
(ஒப்பம்)
வீட்டு எண் 17

பூராவும் படிச்சிட்டுத்தான் கையெழுத்து போடறேன். எங்களுக்கு இந்த வீடு வேணும். அத மட்டும் ஆபீசுல பாத்துக் குடுங்க. மத்தத நாங்க ரெண்டு வீடும் பேசிக்கறோம்.
(ஒப்பம்)
வீட்டு எண் 22