அந்தப் பெயரைச் சொல்லாத ஆகஸ்ட்

ஜூலை 29, செவ்வாய்

காரைப் பூட்டாமல் விட்டது என் தப்பு. நூலகத்துக்குள் போய் வருவதற்குள் முன்சீட்டில் ஒரு பை நிறைய சுக்கினிக்காய், வெள்ளரிக்காய் மாதிரிப் பச்சையாக. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். பக்கத்து வீட்டு டெல்மர் வேலைதான், வேறு யார்? தோட்டத்தில் இத்தனை கொடி போடாதே என்று வருஷா வருஷம் சொல்கிறோம், கேட்டால்தானே. காய்த்துக் கொட்டியதைப் பூட்டாத கார்களில் தள்ளிவிட்டுப் போகிறான். திருடனுக்குப் பயந்து இந்த ஊரில் யாரும் காரைப் பூட்டுவதில்லை. கோடை முடிவில் மட்டும் சுக்கினிக்குப் பயந்து பூட்டுகிறோம்.

சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் ஹால்வர்சன். முன்னாள் கவர்னர் மேல் வழக்கு விசாரணை அடுத்த வாரம் தொடங்குகிறதாம். பாலம் கட்டும் வேலையை மச்சானுக்குக் கொடுத்து லஞ்சம் வாங்கினார், அதை மறைக்க ஒரு சாட்சியைப் பொய் சொல்லச் சொன்னார் என்று இரண்டு குற்றச்சாட்டு. என் வீட்டுக்காரன் ஆர்லன் முட்கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான். "வெள்ளம் வந்தப்ப முழங்கால் தண்ணில என் பக்கத்துல நின்னு மணல்மூட்டை தூக்கின மனுஷன்டி அவன்!"

"பக்கத்துல கேமராவும் நின்னுச்சே, அதைச் சொல்லு" என்றேன்.

அவ்வளவுதான். தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டான். இரண்டு வருஷமாக இதே கூத்து. எனக்கு ஹால்வர்சன் மேல் பக்தியும் இல்லை, பகையும் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே தலை வலிக்கிறது, அதுதான் என் கட்சி. கட்டினவனோடு உட்கார்ந்து ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனை காலமாச்சு?

ஜூரி அழைப்பு ஒன்று வந்து கிடக்கிறது, சீட்டுக் குலுக்கி ஊர்க்காரர்களைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுவார்களே, அது. திங்கள்கிழமை மார்லோ கோர்ட்டுக்குப் போக வேண்டும். நம்மை எங்கே எடுக்கப்போகிறார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எடுத்துவிட்டார்கள். அதுவும் ஹால்வர்சன் வழக்குக்கு!

அரசு வக்கீல் என்னைக் கேட்டார், வீட்டு முன்னால் யாருக்காவது ஆதரவாகப் பலகை நட்டிருக்கிறீர்களா என்று. ஆமாம், ஹால்வர்சனுக்கு, என் கணவர் நட்டது என்றேன். "கணவர் கருத்தைத் தள்ளி வச்சுட்டு உங்களால முடிவெடுக்க முடியுமா?" என்றார்.

"நாப்பது வருஷமா அதைத்தானே செஞ்சிட்டிருக்கேன்."

வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மாகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஹால்வர்சன் மட்டும் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கத்து வக்கீல்களும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி நான் லோர்னா இல்லை, ஏழாம் எண். பெயர் வெளியே வரக்கூடாது. வழக்கைப் பற்றி வீட்டில்கூட ஒரு வார்த்தை பேசக்கூடாது, செய்தி பார்க்கக்கூடாது, மற்றவர் அபிப்பிராயம் காதில் விழக்கூடாது. ஜூரியில் இருப்பது வீட்டாளுக்கு மட்டும் தெரியலாம். நாட்குறிப்பைப் பற்றி நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே கேட்டதை இங்கே எழுத மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

ஆர்லனிடம் சொன்னேன். வாயைப் பிளந்து நின்றான். பிறகு, "அப்ப நான் யாருகிட்டதான் பேசறது?" என்றான், பாவமாக.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திரும்பி வந்தால் வீட்டு முன்னால் பலகை இல்லை. புல்லில் இரண்டு ஓட்டைதான். "புல்லு வெட்டணும்னு எடுத்தேன்" என்றான். புல் வெட்டவே இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று என்ன பேசினோம் தெரியுமா? நாயின் காது. கொட்டகைக்கு மேலே கூடு கட்டியிருக்கும் ஆந்தை. கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் கூடாரம் சரிந்து விழுந்து, இரண்டு பேரும் துணிக்குள் சிக்கிக்கொண்டு கிடந்தது. ஆர்லன் அதை நடித்துக் காட்டினான், மேஜை விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு. சிரித்துச் சிரித்து எனக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

டிவி அணைந்தே கிடக்கிறது. வீடு எவ்வளவு அமைதி! ஒரு நீதிபதி உத்தரவு போட்டுத்தான் இது நடக்க வேண்டுமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் மீன் பொரியல், கிளப்பில். போகாமல் இருந்திருக்கலாம்.

டெல்மர் எங்கள் மேஜைக்கு வந்து நின்றான். வழக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு என் தட்டில் இருந்து உருளைக்கிழங்கு எடுப்பவன், இன்று உட்காரவே இல்லை.

"பலகையைப் பிடுங்கிட்டியாமே. அந்தாளு கூண்டுல நிக்கிற நேரம் பாத்து. எப்ப கட்சி மாறினே?"

ஆர்லன் காது இரண்டும் சிவந்துபோச்சு. முப்பது பேர் பார்க்கிறார்கள். வேறு நாளாக இருந்தால் மேஜை மேலே ஏறி நின்று கத்தியிருப்பான். "மீன் ஆறுது டெல்மர்" என்றான், அவ்வளவுதான்.

"பயந்தாங்கொள்ளி. சரி, லோர்னா தினம் காலைல எங்க போறா? அதையாவது சொல்லு."

"பல்லு டாக்டர்கிட்ட."

"தினமுமா? அவ என்ன முதலையா, அத்தனை பல்லுக்கு?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கன்னத்தைப் பிடித்தேன், வேறென்ன செய்ய? பொய் சொல்லத் தெரியாத மனுஷனிடம் போய்ப் பொய்யைக் கொடுத்தால் இப்படித்தான். டெல்மர் போகும்போது ஆர்லன் தோளைத் தட்டவில்லை. எப்போதும் தட்டுவான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டெல்மர் தன் வேலியில் எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய துணிப் பதாகை கட்டியிருக்கிறான். ஹால்வர்சன் நிரபராதி என்று, கதவு உயர எழுத்தில். பாத்திரம் கழுவ நின்றால் நேரே கண்ணில் படும்.

மாதா கோயிலில் இருந்து திரும்பி வந்தால் ஜன்னலுக்கு வெளியே படகு நிற்கிறது! ஆர்லன் பின்னால் இருந்து இழுத்து வந்து நிறுத்தி, அதன் மேல் தார்ப்பாயும் கட்டியிருக்கிறான். பதாகை மறைந்துவிட்டது. அந்தப் படகு அவனும் டெல்மரும் சேர்ந்து வாங்கியது. மீன் தூண்டிலைத் தேடி வந்து குதிக்கிற பருவம் இது.

"படகு ஏன் இங்க?"

"பெயிண்ட் அடிக்கணும்."

புல்லு வெட்டினது போலத்தான் இதுவும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைக்குப் போனபோது காரைப் பூட்டாமல் விட்டேன். வேண்டுமென்றேதான். திரும்பி வந்து பார்த்தேன். சீட்டு காலி. மற்ற எல்லார் காரிலும் சுக்கினி இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாலையில் யாரோ ஆர்லனைப் பார்த்துத் துப்பினார்களாம். அவன் சொல்லவில்லை, தபால்காரி சொன்னாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூந்தொட்டி தேடிக் கொட்டகைக்குள் போனேன். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பலகை. சும்மா போடவில்லை, பழைய போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, எழுத்து தெரியாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறான்.

நேரே போய்க் கேட்டுவிட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு நாயைத் தடவிக்கொண்டே சொன்னான். "மத்தவங்க அபிப்பிராயம் உன் காதுல விழக்கூடாதுன்னு ஜட்ஜம்மா சொன்னாங்கன்னியே. நீ வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் என் அபிப்பிராயம் வாசல்ல நின்னு உன்னப் பாத்துக்கிட்டிருந்தா எப்படி?"

நானும் நாய் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டெல்மர்கிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லேன்."

"டெல்மர் வாயில போட்டா நாளைக்கே ஊர் பூரா நம்ம வாசல்ல நிக்கும். ஒரு பாதி உன்னக் கொஞ்சும், ஒரு பாதி கல்லெறியும். உன்னையும் ஜூரியிலேருந்து தூக்கிருவாங்க. வேண்டாம் விடு. அவன் கோபம் அவனோட."

முப்பது வருஷச் சிநேகிதம். எனக்காகத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். நான்? நாளைக்கோ மறுநாளோ அவன் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற ஆளுக்கு எதிராகக் கை தூக்க வேண்டி வந்தால்? தூக்கிவிட்டு இந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு வருவேன்? ஐயோ, நினைக்கவே முடியவில்லை. ஆண்டவரே, எனக்குத் தெரிந்ததை மட்டும் செய்ய வையும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜூரி அறைக்குள் பேச்சு தொடங்கியாயிற்று. இங்கே ஒன்றும் எழுத மாட்டேன். ஆர்லன் சூப் வைத்தான், உப்பே இல்லை. முழுக்கக் குடித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முடிந்தது.

லஞ்சக் குற்றச்சாட்டில் விடுதலை. சாட்சியைப் பொய் சொல்லச் சொன்னதில் குற்றவாளி. பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு, இரண்டிலும். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, இது உங்கள் தீர்ப்புதானா என்று கேட்டார்கள். "ஏழாம் எண்?" "ஆமாம்." என் குரல் எனக்கே வேறு யார் குரலோ மாதிரி இருந்தது. ஆனால் மனசில் சந்தேகம் இல்லை. முதலாவதை அரசு நிரூபிக்கவில்லை. இரண்டாவதை நிரூபித்துவிட்டது. அவ்வளவுதான். படுத்தால் தூக்கம் வரும்.

நீதிபதி நன்றி சொல்லி எங்களை விடுவித்தார். இனி யாரிடமும் எதுவும் பேசலாம், பேசாமலும் இருக்கலாம், உங்கள் இஷ்டம் என்றார்.

வீட்டுக்குக் காரோட்டி வரும் வழியெல்லாம் பயம். தெருவில் சில பேர் ஹாரன் அடித்துக் கொண்டாடுகிறார்கள், சில பேர் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். எது எதுவென்று தெரியவில்லை. ஆர்லனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். நான் இறங்கி, கதவைச் சாத்தி, அப்படியே நின்றேன்.

"சாப்ட்டியா?" என்றான்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். எழுந்து வந்து பிடித்துக்கொண்டான்.

"கேக்க மாட்டியா நீ?"

"ஜட்ஜம்மா உன்னத்தான் விட்டாங்க. என்னைய யாரும் இன்னும் விடலயே."

அழுதுகொண்டே சிரித்தேன். உள்ளே போய் மரக்கரண்டியை எடுத்து மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. "ஆர்லன் வெஸ்டர்பி, உன்னையும் விட்டாச்சு! கேளு."

யோசித்தான். இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் இப்போது கொட்டப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"அந்தாளு உங்க பன்னெண்டு பேர ஒரு தடவையாவது நிமிந்து பாத்தானா?"

"இல்ல. ஒரு தடவகூட."

என் கையிலிருந்த மரக்கரண்டியை வாங்கி மேஜையில் வைத்தான். "வெள்ளத்துல மூட்டை தூக்கினப்ப என்னப் பாத்து சிரிச்சான்" என்றான் மெதுவாக. பிறகு, "நீ கூட இருந்து எடுத்த முடிவுன்னா அதுல நியாயம் இருக்கும். எனக்குப் பிடிக்கல. ஆனா நியாயம் இருக்கும்" என்றான். "வா, மீன் சாப்பிடப் போலாம்."

அப்பாடா. அப்பாடா. அப்பாடா.

ஆகஸ்ட் 23, சனி

காப்பிக் கடையில் மூலையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு மேஜையில், "லஞ்சத்துல விட்டுட்டாங்களே, அந்த ஜூரிக்காரங்க எல்லாம் கோழைங்க." அடுத்த மேஜையில், "நல்ல மனுஷனைக் குற்றவாளின்னுட்டாங்களே, விலை போனவங்க." இரண்டு பக்கமும் சரிசமமாகத் திட்டு. ஆப்பிள் கேக் இன்னொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். இவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டு வெகுநாளாயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆர்லனுக்குச் சொல்லாமல் டெல்மர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பெயரை ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"என்ன, பல்லெல்லாம் கட்டியாச்சா?" என்றான், கம்பிக் கதவைத் திறக்காமலே.

"பல்லு டாக்டர் எங்கேயும் இல்ல டெல்மர். நான்தான் ஏழாம் எண்."

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பலகை, படகு, பதாகை, எல்லாம் சொன்னேன். கிளப்பில் ஏன் வாய் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். குற்றவாளி என்று சொன்ன பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி என்பதையும் மறைக்கவில்லை. அதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவேன் போல இருந்தது. வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது கம்பிக் கதவு மூடியே இருந்தது.

சொல்லியிருக்கக்கூடாதோ? கெடுத்துவிட்டேனோ?

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலியில் பதாகை அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நூலகத்துக்குப் போக ஆர்லனும் நானும் வெளியே வந்தோம். கார் கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. முன்சீட்டு, பின்சீட்டு, கீழே, கண்ணாடிக்கு அடியில், எங்கே பார்த்தாலும் சுக்கினி. டிக்கியைத் திறந்தோம், அங்கேயும். ஒன்றின் மேல் பேனாவால் பெரிய பெரிய பல்லாக வரைந்து வைத்திருக்கிறான், முதலைப் பல்.

ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். படகைக் காணோம். வேலியில் பதாகை இருக்கிறது, டெல்மர் அதைக் கழற்றுகிற ஆள் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அவன் வண்டி நிற்கிறது, பின்னால் படகு மாட்டியிருக்கிறது, டெல்மர் தூண்டிலோடு உட்கார்ந்து ஆர்லனைக் கூப்பிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான்.

ஆர்லன் ஒரு சுக்கினியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான்.

"நேத்து காரைப் பூட்டலையா நீ?"

"இல்ல" என்றேன். "பூட்டவே இல்ல."