கடுகளவு பட்டன்

கார்த்திகை, புதன் இரவு.

ட்ரோனுக்கு இன்று புது ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், ஏற்ற உட்கார்ந்தேன். அதன் கன்ட்ரோலர் போர்டில் கடுகளவு பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால்தான் லேப்டாப் போர்டைக் கண்டுகொள்ளும். கிருஷ்ணன்கோவில் காலேஜில் படித்தபோது யாராவது ஒரு கை கொடுப்பார்கள். இங்கே வீட்டில் அப்பா மட்டும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளையை நான் வேண்டாமென்றதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

பட்டனைப் பிடித்தால் கேபிள் நழுவியது. எரிச்சலில் ஸ்க்ரூடிரைவரை வீசினேன். சத்தம் கேட்டு வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதை அமுக்கணும்?"

காட்டினேன். மில்லில் அறுந்த நூலை முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல். நக நுனியால் அழுத்தினார். கேபிளைச் செருகியதும் லேப்டாப் போர்டைக் கண்டுகொண்டது.

"விட்டுரவா?"

அதற்குப் பிறகு பட்டனுக்கு வேலையே இல்லை. "முடியிற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருங்கப்பா" என்றேன்.

திரையில் கோடு மெதுவாக நகர்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் எழுந்து டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

புது ஃபர்ம்வேரில் ஒரு குறையும் இல்லை. நாளை சாயங்காலம் பழைய ஃபர்ம்வேரையே திரும்ப ஏற்றினால் என்ன?