கல்லறை இல்லாதவருக்கு ஒரு மெழுகுவர்த்தி

புரூக்லின்,
அக்டோபர் 20

அன்புள்ள அம்மாவுக்கு வெர்லினின் வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம்தான், குளிர் மட்டும் இப்போதே எலும்பைக் கடிக்கிறது.

நேற்று நம் கிரனடாவின் பிரதமர் பிஷப்பைப் பட்டாளத்தார் கோட்டைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட நாள். இங்குள்ள கிரனடாக்காரர்கள் எல்லோரும் எங்கள் சங்கத்தில் கூடி, சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துப் பரிமாறினோம். அந்தக் காலத்தில் அதே பட்டாளத்தில் இருந்த கத்பர்ட் தட்டை நீட்டிக்கொண்டே, "எத்தனை வருஷமாச்சு வெர்லின்! மன்னிச்சு மறந்துடும்மா" என்றார்.

"மறந்துடறேன். சுட்டீங்களே, எங்கே பொதைச்சீங்க? அதைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

"எனக்கென்ன தெரியும்?" என்று தட்டைப் பார்த்தார். என் கரண்டி கொஞ்சம் தவறி அவர் சட்டையில் கொட்டிவிட்டது. கவலைப்படாதீர்கள், அது அவ்வளவு சூடில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஜாதிக்காய் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்து தின்றால் ரொட்டி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். புனிதர்கள் திருநாளன்று அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஒன்றை மிச்சம் வையுங்கள். பிஷப்புக்குத்தான் கல்லறையே இல்லையே. அவர் நடத்திய புரட்சிக்காலத்து மாலை வகுப்பில், நாற்பது வயதில் நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்களே, அந்தப் பள்ளிக்கூடத்து வாசற்படியில் அதை ஏற்றுங்கள். யாராவது ஊதி அணைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த ஆளின் பெயரை உங்கள் கையாலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
வெர்லின்