கேத்தரின் அக்காகிட்ட சொல்ல வேண்டியது

கான்பூர்,
அக்டோபர் 1999

அன்புள்ள அம்மாவுக்கு இன்பராஜ் எழுதிக்கிறது. மாதா புண்ணியத்துல சுகமா இருக்கேன். உன் முட்டிவலி கம்மியாச்சா?

போன வாரம் தோல் பதனிடுற ஷாப்புல வலிப்பு வந்து விழுந்துட்டேன். பயப்படாதே. கூட இருந்தவங்க ஷூவைக் கழட்டி மூக்குல வெச்சாங்களாம். தோல் நாத்தத்துலயே பொழைக்கிறவனுக்கு அது எந்த மூலைக்கு?

ஆஸ்பத்திரில மூளையை ஸ்கேன் எடுத்தாங்க. உள்ள வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிருக்காம். தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில வேலை செஞ்சதாலயான்னு கேட்டேன். இல்லையாம். கழுத்துல இருக்கிற சின்னச் சுரப்பிங்க சரியா வேலை செய்யாததால ரத்தத்துல கால்சியம் கம்மியாம். மாத்திரை சாப்பிட்டா வலிப்பு நிக்கும்னாங்க. கூடப் பொறந்தவங்களுக்கும் இது இருக்கலாமாம்.

கால்சியம் கம்மியானா கை இழுக்கும்னு காட்ட, டாக்டர் பிரஷர் பாக்கிற பட்டையை என் கையில இறுக்கிக் கட்டினாரு. கொஞ்ச நேரத்துல விரலெல்லாம் குருவி மூக்காட்டம் கூம்பிடுச்சு. நம்ம கேத்தரின் அக்காவுக்குக் கூம்புமே, அதே மாதிரிம்மா. அவளைத்தான் பேய் பிடிச்சிருக்குன்னு கோயில் வாசல்ல சங்கிலி போட்டு வெச்சிருந்தோம். சாகுற வரைக்கும் அவளும் அதையே நம்புனா.

கேழ்வரகு மாவு கொஞ்சம் அனுப்பு, இங்க ரொட்டி தொண்டையில எறங்கல. அக்காவோட போர்வை இருந்தா அதையும் சேர்த்துக் கட்டு. குளிர் ஜாஸ்தி.

ஷிப்டுக்கு நேரமாச்சு. கல்லறைத் திருநாளுக்கு அக்கா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவியே, அப்ப குனிஞ்சு அவகிட்ட மெதுவா சொல்லிடும்மா: உன்மேல பேயே இல்லடி, மாத்திரையிலயே தீர்ந்திருக்கும்னு.

உன் மகன்
இன்பராஜ்