வெள்ளிக்கோலா, கட்டுவிரியனா

அக்டோபர் 8, செவ்வாய்

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. இந்த வாரக் கேள்விகளில் இது முடிந்தது. ஆவடிக்கு ஏன் அந்தப் பெயர்? இது முடியவில்லை. ஆங்கில எழுத்துகளைக் கோத்து ராணுவம் வைத்த பெயர் என்கிறார்கள் சிலர். இல்லை, பழைய தமிழ்ப் பெயர்தான் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் எழுதி, ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்று முடித்தேன். கலியமூர்த்தி சார் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டார்.

“பதில் மாமாவுக்குத் தெரியாதது இன்னாம்மா கீது, ஜெபா? தெரியாதுன்னு போட்டா அட்த்த வாரம் எவன் கேப்பான்?”

அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை ஞாயிறுதோறும் வீடு வீடாக இலவசமாகப் போடும் பத்திரிகை. முதலாளி, ஆசிரியர் எல்லாம் அவர்தான். விளம்பரங்களைப் பக்கத்தில் அடுக்குவது என் வேலை. கேள்வி-பதில் பகுதியில் மீசை வைத்த படத்தோடு வரும் பதில் மாமாவும் நான்தான். வெளியில் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 10, வியாழன்

பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி. ஜோதிகா, ஏரிக்கரைப் பக்கம், திருநின்றவூர்: ‘மாமா, எங்க ஊட்டு பாத்ரூம்ல ராவுல ஒரு பாம்பு வருது. கருப்பு, மேல வெள்ள கோடு. தல பக்கம் வெறும் கருப்பு, வால் பக்கம் கோடு நெறைய. பேரு இன்னா? வெஷமா?’

வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லை, பல்லி தேடி வீட்டுக்குள் வரும், அடிக்காதீர்கள் என்று எழுதினேன். வெள்ளிக் கோலால் கோடு இழுத்ததுபோல் இருப்பதால் அந்தப் பெயர் என்றும் சேர்த்தேன். சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கட்டம் கட்டிப் போடச் சொன்னார்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் பட்டாபிராம் வீட்டு வாசலில் பத்திரிகை கிடந்தது. என் பதிலை நானே ரசித்துப் படித்தேன். பிறகு கேள்வியைப் படித்தேன். தலைப் பக்கம் வெறும் கறுப்பு.

ஊர்வன பற்றிய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கோடுகள் கழுத்திலேயே ஆரம்பித்து வால் பக்கம் மங்கிவிடும். தலைப் பக்கம் கோடில்லாமல் வால் பக்கம் நெருங்கி வருவது கட்டுவிரியன். கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாது, வயிற்றுவலிதான் வரும். தூக்கத்திலேயே ஆள் போய்விடலாம்.

அந்தப் பெண் தெளிவாகத்தான் கேட்டிருக்கிறாள். நான்தான் பாதிக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜோதிகாவின் போன் அணைந்திருக்கிறது. அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக். சாரைக் கூப்பிட்டேன். “அட்த்த வாரம் உள்பக்கத்துல சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம், வுடு” என்றார். அடுத்த வாரமா? அதுவரை அவர்கள் எங்கே படுப்பார்கள்? தரையிலா? மறுபடி போன் போட்டேன். மறுபடி. இன்றே போயிருக்க வேண்டும் — முகவரி இல்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. ரயிலேறித் திருநின்றவூரில் இறங்கி, ஏரிப் பக்கம் மழையில் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு போனேன். கறிக்கடையில் தெரியாது என்றார்கள். மாவு மில்லில் ஒருவர் புது மனைகள் பக்கம் கை காட்டினார். வீடு கிடைத்தது. பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மழையில் ஏரியாவுக்கே கரண்ட் இல்லை, போன்களெல்லாம் செத்துக் கிடக்கின்றன என்றார்.

“ஜோதிகா ஊட்டுக்காரரு பாபுவ காத்தால ஆட்டோல போட்டுகினு போனாங்கம்மா. பாம்பு. கண்ணே தொறக்கல.”

படியில் உட்கார்ந்துவிட்டேன். “நீ யாரு அவங்களுக்கு?” என்று கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

சென்ட்ரல் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவுக்கு வெளியே, ஈரப் புடவையோடு ஜோதிகா. என்னைவிட வயதில் சின்னவள். பாபுவுக்கு மெஷின்தான் மூச்சு விடுகிறது. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறதாம்.

பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் — ஆமாம், நினைத்தேன். பிறகு சொன்னேன். பதில் மாமா நான்தான் என்று.

அவள் என்னையே பார்த்தாள். “நீ பொம்பளையா?” என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “வெடிகாலைல வயிறு வலிக்குதுன்னாரு. பாய்க்குப் பக்கத்துல அது கெடந்துச்சு. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. வெஷமில்லன்னு போட்டுகீதேன்னு அவருதான் சொன்னாரு. நானும் சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். கண்ணு சொருகினப்புறந்தான் ஆட்டோ புடிச்சேன்.”

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

“அத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? இன்னும் எத்தினி ஊட்ல அந்தப் பேப்பரப் படிச்சிட்டுப் படுத்துகினு கீறாங்களோ. அதுக்கு இன்னா பண்ணுவ, அத்தச் சொல்லு.”

அக்டோபர் 16, புதன்

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், இரண்டு பாம்புகளின் படத்தோடு திருத்தம். ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றே வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும். கீழே மாமா இல்லை, என் பெயர்.

“மொதல் பக்கம் பூரா நகைக்கடை விளம்பரம்மா. பேரு கெட்டுப்பூடும்.”

“ஆளே போயிடுவார் போல இருக்கு சார்.”

வேலை போனால் போகட்டும் என்றும் சொல்லிவிட்டேன். சார் போனை எடுத்து நகைக்கடைக்காரரிடம், “அண்ணாத்தே, இந்த வாரம் ரெண்டாம் பக்கம் போயிக்கலாமா?” என்றார்.

அக்டோபர் 18, வெள்ளி

தூக்கமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜோதிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் போகச் சொல்லவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பத்திரிகை வந்துவிட்டது. நாள் முழுக்கப் போன். திட்டுகிறார்கள். வெள்ளானூரிலிருந்து ஒருவர், பாத்ரூமில் பார்த்த பாம்பை அப்படியே விட்டிருந்தாராம், இன்று ஆள் வரவழைத்துப் பிடித்தாராம். என்ன பாம்பு என்று கேட்டேன். கட்டுவிரியன்.

போனை வைத்த பிறகு அழுதேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பாபு கண் திறந்தார். மெஷினை எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 5, செவ்வாய்

பத்திரிகையில் மாமா படம் போய்விட்டது. கேள்விகள் குறைந்துவிட்டன, சார் அதைத் தினமும் சொல்லிக்காட்டுகிறார். இன்று மதியம் ஜோதிகாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

‘பல்லி எதுக்கு வாலை உட்டுட்டு ஓடுதுன்னு இவரு கேக்குறாரு. நல்லா பாத்துட்டு சொல்லு.’

பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன்.