குழாய்க்குப் போர்த்திய சாக்கு

ஞாயிறு. பனி.

யார் கையில் இது கிடைத்தாலும் அம்மாவிடம் மட்டும் படித்துக் காட்டாதீர்கள். அவளுக்கு எழுத்து தெரியாது. நீங்கள் படித்தால்தான் தெரியும்.

மலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்திருக்கும் டைரக்டர் சார் இன்று எங்கள் தெருவில். பை நிறையப் புத்தகம். அரையாண்டு லீவு, நாள் முழுக்க அவர் பின்னால் நான்.

"காடு, பசி எல்லாம் நான் லைப்ரரி ஃபேனுக்குக் கீழ உக்காந்து படிச்சதும்மா. படிச்ச கதையில எல்லாம் ஒரு அம்மா ஓடையிலருந்து குடத்தோட ஏறி வருவாங்க. அவங்களத்தான் தேடுறேன்."

உங்கள் வீட்டிலும் ஓடைத் தண்ணீர்தானா என்று கேட்டார். இல்லை என்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

தினமும் ஓடைதான் சார் என்றேன்.

தெருமுனையில் குழாய் இருக்கிறது. ரொம்ப நாளாக.

திங்கள். வெயிலே இல்லை.

விடிவதற்குள் குழாய்க்குச் சாக்கு போர்த்தினேன். பக்கத்து வீட்டு செல்வி அக்கா பார்த்துவிட்டாள். "இன்னாடி அமுதா, கொழாய்க்குக் குளுருதா? கம்பளி குடேன்!"

அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாற்றச் சொன்னேன். வெளிச்சம் சரியில்லை என்று சார் குடத்தோடு ஓடையிலிருந்து திரும்பத் திரும்ப ஏறச் சொன்னார். பாசிக் கல்லில் சறுக்கி விழுந்தாள். குடம் உருண்டு ஓடைக்கே போனது.

சார் வண்டியிலேயே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. கால் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

செவ்வாய். தூறல்.

மரவள்ளி பிடுங்கும் சமயம். அம்மாவைக் கூலிக்கு ஏற்றிப் போகும் ஜீப் எங்கள் வீட்டருகே நிற்காமல் போனது.

சார் ஆரஞ்சு வாங்கி வந்தார். வாசலில் என்னிடம் மெதுவாக, "அவங்க விழுந்ததும் பதிவாயிருக்கு. படத்துல வெக்கலாமான்னு யோசிச்சு தூக்கமே இல்ல. ஆனா தினமும் அவங்க நடக்குற பாதை. அத மறைச்சா பொய்யாயிடும், இல்லம்மா?"

தலையாட்டினேன்.

அவர் போனதும் அம்மா, "கொழாய் இருக்கறது சாருக்குத் தெரியும்ல? நடிப்புன்னு தெரிஞ்சுதான எடுத்துகினு இருந்தாரு?"

அதற்கும் தலையாட்டினேன்.

"நான் நல்லா நடிச்சனா?"

புதன். ராத்திரி. டார்ச் வெளிச்சம்.

நாளை சார் கிளம்புகிறார். குழாய் இருப்பதைச் சொன்னால் அம்மா படத்தில் இல்லை, கால் உடைந்தது வீண். சொல்லாவிட்டால் அந்த ஓடைதான் எங்கள் வாழ்க்கை என்று ஊரெல்லாம் பார்க்கும். விடிந்ததும் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல்.

கதவு தட்டும் சத்தம்.

"அமுதா, முழிச்சிருக்கியாம்மா? விடியறதுக்கு முன்னாடியே கிளம்புறோம். அம்மாகிட்ட சொல்லிட்டுப் போலாம்னு."

பாயிலிருந்தே அம்மா: "வாங்க சாரு! கொழாய்க்கு இவ சாக்கு போர்த்துன கதைய உங்ககிட்ட சொல்லி சிரிக்கணும்னு இருந்தேன். ஏ அமுதா, கதவத் தெறடி!"