வேலிக்கு அந்தப் பக்கத்து இலை

ஆவணி 12, வெள்ளி.

பூவரசு இலையைச் சுருட்டி வாழும் அந்தச் சின்ன அந்துப்பூச்சியை எங்கள் வேலியில் பல வருடமாகத் தேடுகிறேன். இன்று காலை பக்கத்து வீட்டுச் செல்வராணி அதை ஒரு ஜாம் போத்தலில் கொண்டு வந்தாள்.

"ஆட்டுக்குக் குழை ஒடிக்கேக்கை சுருண்ட இலைக்குள்ளை புழு கிடந்தது, அண்ணை. போத்தலிலை போட்டு வைச்சன், இண்டைக்குப் பறக்குது. உது உங்கடை சாமானோ?"

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். இறக்கையில் வெள்ளிக் கோடு. அதேதான். மரம் இரண்டு வளவுக்கும் பொது. இலை மட்டும் அவள் பக்கம். வயிறு எரிந்தது.

பூச்சி ஆய்வுச் சங்கத்துக்கு அனுப்பும் பதிவுக்குக் கண்டெடுத்தவர் பெயர் வேண்டும் என்றேன்.

"என்ரை பேர் ஏன்? உங்கடையைப் போடுங்கோ. என்ரை ஆடு வயிறு நிரம்பத் திண்டால் காணும்."

அந்தப் பேச்சுத்தான் இன்னும் அறுக்கிறது. நான் இத்தனை காலம் ஏங்கியதை ஆடு தின்ற மிச்சக் குழையைப் போலத் தள்ளிவிடுகிறாள்.

பிச்சை எனக்கு வேண்டாம். கண்டெடுத்தவர் என்று அவள் பெயரையே எழுதி அனுப்பிவிட்டேன். இனங்கண்டவர் என்ற இடத்தில் என் பெயரை, தகப்பன் பெயரோடு முழுதாக எழுதினேன். அவளுடைய தகப்பன் பெயரை நான் கேட்கவில்லை. வெறும் செல்வராணி.